வெட்டவெளி வேட்டைக்கு எத்தனை பவர் பைனாகுலர்? (8, 10, 12, 15)

22 ஜூன் 2024, கேள்வி

அமெரிக்காவின் வயோமிங்கில் பிராங்ஹார்ன் (வெட்டவெளியில் வாழும் மான் போன்ற விலங்கு) வேட்டை லைசென்ஸுக்கான குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது. முதல் முறை. ஷர்லி பேசின் பக்கம், அக்டோபர் முதல் வாரம். இதுவரை கொலராடோவில் காட்டுக்குள்தான் போயிருக்கிறேன், அங்கே 8×32 (8 பவர், முன்கண்ணாடி 32 மி.மீ.) போதுமாக இருந்தது. இப்போது போவது மரமே இல்லாத வெளி. கடையில் 12×50 வாங்கச் சொல்கிறார்கள். வெளி விரிய விரியப் பவரும் கூட வேண்டும் என்பதுதானே நியாயம்? கண்ணாடி போடுகிறவன். கையில் 600 டாலர் இருக்கிறது.

22 ஜூன், இரவு, பதில்

12 வேண்டாம். 10×42 வாங்குங்கள். மீதிப் பணத்துக்கு ஒரு முக்காலி.

நியாயம் போலத்தான் தோன்றும். 2011இல் நானும் அப்படி நினைத்து ஒரு 12×50 வாங்கிக்கொண்டு மெடிசின் போ ஊருக்கு வடக்கே போனேன். முதல் நாள் காலை ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்தேன். அந்த ஊர்க் காற்று உங்களுக்கு இன்னும் பழக்கமில்லை. சட்டைக் காலர் கன்னத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. பைனாகுலரைத் தூக்கினால் உள்ளே எல்லாம் குதித்தது. பிராங்ஹார்னின் பின்புறம் வெள்ளை. வெயில் பட்டால் ஒன்றரை மைல் தாண்டியும் சுண்ணாம்பு வைத்த மாதிரி பளிச்சென்று தெரியும். அதைப் பார்க்கப் பவரே வேண்டாம். எது கிடா, எது பெட்டை, கிடாவின் கொம்பு எவ்வளவு என்று பார்க்கத்தான் வேண்டும். அதுதான் முடியவில்லை. இருபது நிமிடத்தில் புருவத்துக்கு மேலே வலி பிடித்துக்கொண்டது.

கூட வந்தவர் தன்னுடைய 8×42ஐக் கழற்றிக் கொடுத்தார். நான் நான்கு மான் என்று எண்ணிய இடத்தில் பதினொன்று இருந்தன. ஏழு மான் சேஜ் புதருக்குள் படுத்திருந்தன, காது மட்டும் வெளியே. 12இல் அவை தெரியாமல் போனதற்குக் காரணம் கண்ணாடி மட்டமானது என்பதல்ல. ஆடிக்கொண்டே இருக்கும் படத்தில் ஆடாமல் கிடக்கிற காது எப்படித் தெரியும்?

23 ஜூன்

கணக்காகவே சொல்லுங்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சரி.

பார்வை சரியாக உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்துப் பார்க்கும். 1000 மீட்டர் தூரத்தில் அந்தக் கோணம் 29 செ.மீ. அதைப் பவரால் வகுத்தால், 8இல் 3.6 செ.மீ., 10இல் 2.9, 15இல் 1.9. நல்ல கண்ணாடி, நல்ல வெளிச்சம், அசையாத பிடி மூன்றும் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

இப்போது மானைப் பாருங்கள். பிராங்ஹார்னின் காது ஏறக்குறைய 6 அங்குலம், அதாவது 15 செ.மீ. கொம்பு காதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் 12 அங்குலம், சாதாரணக் கிடா. 14 இருந்தால் நல்ல கிடா. நாம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தேடுவது இந்த 2 அங்குல வித்தியாசத்தை, 5 செ.மீ. 8 பவரே தொட்டுவிடும் அளவுதான் அது. ஆனால் கை ஆடினால் 8இன் 3.6 எங்கே, 12இன் 2.4 எங்கே, எல்லாம் ஒன்றுதான். படத்தைப் பெரிதாக்கும்போது கை ஆட்டத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறோம்.

இரண்டாவது கணக்கு வெளிச்சம். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பவரால் வகுத்தால், கண்ணருகே வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தைப் பார்த்தால் அந்த வட்டம் கண்ணுக்கே தெரியும், சின்ன வெள்ளைப் பொட்டு மாதிரி. 8×42இல் 5.25 மி.மீ., 10×42இல் 4.2, 12×50இல் 4.2, 15×56இல் 3.7. பட்டப்பகலில் நம் கண்மணி 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும், எதை வாங்கினாலும் போதும். விடியலில்தான் வித்தியாசம். வயோமிங்கில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்பு வரை சுடலாம். அந்த இரண்டு அரை மணி நேரத்துக்குத்தான் இந்தக் கணக்கு.

வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது வயதில் இருட்டில் 7 மி.மீ. திறந்த கண்மணி, ஐம்பதில் 5ஐத் தாண்டுவதே அபூர்வம். எனக்கு 54. யாராவது 8×56 கொடுத்தால் அதன் 7 மி.மீ. வட்டத்தில் பாதி வெளிச்சம் என் கண்ணுக்குள் போகாமலே வீணாகும்.

23 ஜூன், சற்றுக் கழித்து

கண்ணாடி போடுகிறவர் என்று எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். பவரை விட உங்களுக்கு முக்கியமானது, கண்ணை எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்து முழு வட்டத்தையும் பார்க்க முடிகிறது என்பதுதான். 16, 17 மி.மீ. இருந்தால் நல்லது. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். கண் குவளையை முழுக்க இறக்கிவிட்டு, உங்கள் சொந்த மூக்குக் கண்ணாடியோடு பாருங்கள். ஓரம் கறுத்தால் அதை வாங்காதீர்கள்.

30 ஜூன்

பொழுது சாயும் நேரத்துக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது, பவரையும் முன்கண்ணாடி விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அதன்படி 8×42க்கு 18.3, 15×56க்கு 29, ஆகவே 15தான் அந்தி வேளைக்குச் சிறந்தது என்று ஒருவர் விளக்கியிருக்கிறார்.

அந்தக் கணக்கைக் கடைக்காரர்கள் நிறையச் சொல்வார்கள். 20×20 என்று ஒரு குழல் இருப்பதாக வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 வரும், 8×42ஐவிட அதிகம். ஆனால் அதன் ஒளி வட்டம் ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்தியில் அதற்குள் ஒன்றும் தெரியாது. பவர் கூடினால் மங்கலிலும் சற்று விவரம் கூடும் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியின் தரம் எப்படி, பூச்சு எப்படி, பிடித்திருக்கும் கை எப்படி என்று அந்த வர்க்கமூலத்துக்குத் தெரியாது. 400 டாலர் 15×56ஐயும் 1000 டாலர் 8×42ஐயும் ஒரே மேட்டில் அந்தியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மான் எது, புதர் எது என்று கடைசிவரை சொன்னது 8தான்.

6 ஜூலை

பேட்டரி போட்டு ஆட்டத்தைக் குறைக்கிற பைனாகுலர் பற்றிக் கேட்டவருக்கு: நன்றாகவே வேலை செய்கிறது. பொத்தானை அழுத்தியதும் படம் எண்ணெயில் மிதப்பது மாதிரி அடங்கும். படகில் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மலைமேட்டில் விடிகாலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், மாற்றுப் பேட்டரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

14 ஜூலை

வாயால் சொல்வதை விடச் செய்து பார்க்கலாம் என்று நேற்று ஒரு காரியம் செய்தோம், நானும் மகளும்.

கறுப்பு அட்டையில் இரண்டு ஜோடிக் கொம்பு வெட்டினோம். ஒன்று 12 அங்குலம், இன்னொன்று 14. இரண்டிலும் முன்பக்கம் பிரியும் கவை ஒரே இடத்தில், காது 6 அங்குலத்தில் பழுப்பு அட்டை. குச்சியில் ஒட்டி, ஃபோர்ட் காலின்ஸுக்கு வடக்கே தெரிந்தவருடைய மேய்ச்சல் நிலத்தில் 600 கெஜம் தள்ளி மகள் போய் நின்றாள். நான் திரும்பி உட்கார்ந்திருப்பேன், அவள் ஏதாவது ஒன்றை நட்டுவிட்டுப் போனில் கூப்பிடுவாள். எது என்று நான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பைனாகுலருக்கும் பத்து முறை.

நின்றுகொண்டு கையில் பிடித்துப் பார்த்தபோது 8×42இல் ஆறு சரி, 10×42இல் ஏழு சரி, இரவல் வாங்கிய 12×50இல் ஐந்து சரி. ஐந்து என்றால் காசு சுண்டிப் போட்டுச் சொன்ன மாதிரிதான். தரையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பார்த்தபோது 8இல் எட்டு, 10இல் ஒன்பது, 12இல் ஏழு. அப்புறம் முக்காலியில் மாட்டினோம். 8இல் பத்தும் சரி. 10, 12, எல்லாவற்றிலும் பத்து. முக்காலியில் இருந்த 8, கையில் இருந்த 12ஐ இரண்டு மடங்கு ஜெயித்துவிட்டது.

பத்து முறை என்பது சின்னக் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். மகள் பதினைந்து வயது, அவள் கையில் 12 என்னுடையதை விட நன்றாக நின்றது. ஆனாலும் பவரை மாற்றி நான் பெற்றதைவிட, உட்காருவதால் பெற்றது அதிகம். அதைக் காசு கொடுக்காமல் இன்றைக்கே செய்யலாம்.

15 ஜூலை

முதல் நாள் "12 வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கழுத்தில் மாட்டி நடக்க 12 வேண்டாம். முக்காலியில் வைக்க 12 நல்ல சாமான்தான். உங்களிடம் ஏற்கனவே 8×32 இருக்கிறது என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை. அது கழுத்தில் இருக்க, 12×50 பையில் இருந்தால் அதுவும் ஒரு வழி. இருந்தாலும் ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் என் வாக்கு 10×42க்கே. 8×32இன் வட்டம் 4 மி.மீ., 10×42இல் 4.2. வெளிச்சத்தில் ஒன்றும் குறையாமல் இரண்டு பவர் கூடுகிறது.

முக்காலியில் எப்படி மாட்டுவது என்று கேட்டீர்கள். பைனாகுலரின் இரண்டு குழாயும் சேரும் நடு அச்சின் முன்முனையில் ஒரு சிறு மூடி இருக்கும். திருகி எடுத்தால் உள்ளே மரை தெரியும். அதில் ஒரு தண்டைத் திருகி, முக்காலித் தலையில் செருக வேண்டும். எல்லாப் பைனாகுலரிலும் அந்த மரை இருக்காது, வாங்கும்போதே மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

3 ஆகஸ்ட்

15×56 பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன், ஏனென்றால் அதில் என் மனம் இரண்டு முறை மாறியிருக்கிறது.

தெற்கு அரிசோனாவில் கூஸ் மான் வேட்டைக்காரர்கள் 15×56ஐ முக்காலியில் பூட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியில் காலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அந்த மான் சின்னது, சாம்பல் நிறம், பாறையோடு பாறையாக நிற்கும். அவர்கள் மலைச்சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு கட்டத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்து முடித்து, முக்காலித் தலையைச் சற்றே திருப்பி, பழைய கட்டத்தின் விளிம்பு புதிய கட்டத்துக்குள் வருகிற மாதிரி நிறுத்தி, மறுபடியும். களத்து மேட்டில் கல் பொறுக்குகிற மாதிரி. 2019இல் அவர்களோடு மூன்று நாள் இருந்துவிட்டு வந்து, எல்லோரிடமும் 15 வாங்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அதைச் சமவெளிக்குக் கொண்டுவந்தபோதுதான் புரிந்தது. கூஸ் மான் நிற்கும், படுக்கும். பிராங்ஹார்ன் நகரும். தரையில் ஓடுகிற விலங்குகளில் சிவிங்கிப்புலிக்கு அடுத்த வேகம் அதற்குத்தான், மணிக்கு 80 கி.மீ. தாண்டும். செப்டம்பர் நடுவிலிருந்து இணைசேரும் பருவம், கிடா பெட்டைகளைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நல்ல 8×42இல் 1000 மீட்டரில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் தெரியும், 15×56இல் 80க்குள். அந்த 80 மீட்டரிலிருந்து கிடா வெளியே ஓடியபின் முக்காலியைத் திருப்பி அதைத் தேடுவதற்குள் அது அடுத்த மேட்டுக்குப் பின்னால் போய்விடும். எடையும் ஒன்றே கால் கிலோ பக்கம்.

அதனால் 15ஐ விற்கவில்லை, வண்டியில் வைத்திருக்கிறேன். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, முக்காலியை விரித்து, தூரத்து மந்தையில் பார்க்கத்தக்க கிடா இருக்கிறதா, மூன்று மைல் நடப்பது தகுமா என்று முடிவெடுக்க அது. நடக்க ஆரம்பித்தால் கழுத்தில் 8 அல்லது 10.

4 ஆகஸ்ட்

நேற்று கானலைப் பற்றி எழுத மறந்தேன். அது இல்லாமல் இந்தப் பேச்சே நிறைவடையாது.

காலை பத்து மணிக்கு மேல் தரை சூடேறியதும் சேஜ் புதருக்கு மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும். மானுக்குக் கால் இருக்காது, உடம்பு மட்டும் தண்ணீரில் மிதக்கும். கொம்பு மெழுகு மாதிரி நீண்டு சுருங்கும். அந்த நேரத்தில் 15இல் தெரிவதும் 8இல் தெரிவதும் ஒன்றே, 15இல் நெளிவு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். 2020இல் ஒரு கிடாவை மதியம் பன்னிரண்டு மணிக்கு 15இல் பார்த்து, 15 அங்குலம் என்று முடிவுகட்டி, இரண்டு மணி நேரம் ஓடைப் பள்ளத்தில் குனிந்து போனேன். தரையெல்லாம் சப்பாத்தி முள், கையில் தோல் உறை இல்லாமல் போகாதீர்கள். 250 கெஜத்துக்குள் போய்ப் பார்த்தால் அது 12 அங்குலம். கானல் நீட்டிக் காட்டியிருக்கிறது. சுடாமல் திரும்பி வந்தேன்.

கொம்பை மதிப்பிட விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாயும் முன் இரண்டு மணி நேரம். நடுவில் எந்தப் பவரும் உதவாது. மேகமூட்டமான நாள் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

பிராங்ஹார்னின் கண் 8 பவர் பைனாகுலருக்குச் சமம் என்று இங்கே வேட்டைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள், இந்த இழையிலும் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது வழிவழியாக வந்த பேச்சு, அளந்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கண் பெரியது, மண்டையின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நீங்கள் மேட்டின் விளிம்பில் தலை நீட்டும்போதே பார்த்துவிடும். அதனால் விளிம்பில் நிற்காமல், பின்னால் வானம் தெரியாதபடி சரிவில் இரண்டடி இறங்கி உட்காருங்கள்.

20 ஆகஸ்ட்

"ரைபிள் மேல் பூட்டும் தொலைநோக்கியிலேயே, அதாவது ஸ்கோப்பிலேயே, 4இலிருந்து 16 வரை பவர் இருக்கிறதே, தனியாகப் பைனாகுலர் எதற்கு?" இந்தக் கேள்விக்கு நான் பொறுமையாகப் பதில் சொல்ல மாட்டேன், மன்னியுங்கள்.

2016 அக்டோபர். ஒரு சரிவில் உட்கார்ந்து 10×42இல் எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆரஞ்சு நிற மேலாடை தெரிந்தது, 700 கெஜம் இருக்கும். நிறுத்திப் பார்த்தேன். ஒரு ஆள் குப்புறப் படுத்திருக்கிறார். முகம் தெரியவில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அவருடைய ஸ்கோப்பின் முன்கண்ணாடி. அதற்குக் கீழே துப்பாக்கிக் குழாயின் வாய், அதுவும் ஒரு சின்னக் கறுப்பு வட்டம், என்னை நோக்கி. அவர் என்னை மான் என்று நினைக்கவில்லை, யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்ப் பேசினேன். "சேஃப்டி போட்டுத்தான் இருந்தது" என்றார். எனக்குக் கை நடுங்கியது அன்றைக்கு முழுக்க நிற்கவில்லை.

எதைச் சுடப் போகிறோம் என்று தெரிந்தபின் தூக்குவது ரைபிள். எது என்று பார்ப்பதற்குத் தூக்குவது பைனாகுலர். 100 டாலர் பைனாகுலர் என்றாலும் சரி, அது கழுத்தில் இல்லாமல் மேட்டில் ஏறாதீர்கள்.

1 செப்டம்பர்

"பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் என்ன, ஏன் கொல்ல வேண்டும்?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். பைனாகுலர் இழையில் இது எதற்கு என்று சிலர் அவரிடம் கோபப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் இறைச்சி சாப்பிடுகிறவன். வருடத்துக்கு ஒரு மானோ இரண்டோ என் வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது, அது எங்கே மேய்ந்தது, எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியும். கறிக்கடையில் வாங்கும்போது எனக்கு அது தெரியாது. இரண்டாவது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்ஹார்ன் அழியும் நிலைக்கு வந்திருந்தது, சொற்பம்தான் மிச்சம். வேட்டையை ஒழுங்குபடுத்தியதும் நிலத்தைக் காத்ததும் சேர்ந்துதான் மீட்டன. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வாங்கும் ரைபிளிலும் தோட்டாவிலும் 11 சதவீத வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது.

2022-23 குளிர்காலம் தென்மேற்கு வயோமிங்கில் மிகக் கொடுமையாக இருந்தது. மே மாதம் பைன்டேல் பக்கம் போனபோது வேலியோரத்தில் பிராங்ஹார்ன்கள் வரிசையாகச் செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். பிராங்ஹார்ன் பெரும்பாலும் வேலியைத் தாண்டாது, அடிக் கம்பிக்குக் கீழே நுழையும். அடிக் கம்பி பனியில் புதைந்துவிட்டால் அதற்கு வழியே இல்லை. அந்த ஆண்டு மாநிலத் துறை லைசென்ஸ்களை ஆயிரக்கணக்கில் குறைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காததே சரி. அடுத்த கோடையில் அடிக் கம்பியைத் தரையிலிருந்து 16 அங்குலத்துக்கு உயர்த்தி, முள் இல்லாத கம்பியாக மாற்றும் வேலைக்கு இரண்டு வார இறுதி போய்வந்தேன். வேட்டைக்குப் போகிறவர்கள் அதற்கும் ஒரு நாள் போங்கள்.

அந்த அம்மாவுக்கு இது சமாதானமாக இருக்காது என்று தெரியும். இருக்க வேண்டும் என்றும் இல்லை.

12 அக்டோபர்

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்துவிட்டார். அவர் எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். 10×42 வாங்கி, மரையில் தண்டு மாட்டி, முக்காலியில் வைத்திருக்கிறார். முதல் நாள் ஒரு கிடாவை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, கொம்பு சின்னது என்று விட்டிருக்கிறார். இரண்டாம் நாள் மாலை 210 கெஜத்தில், ஒரே தோட்டா.

அவர் எழுதியதில் ஒன்று எனக்குப் புதிது. முக்காலியைக் குட்டையாக வைத்து, உட்கார்ந்து, அதன் நடுத்தண்டில் உணவுப் பையைத் தொங்கவிட்டிருக்கிறார், காற்றில் ஆடாமல் இருக்க. நான் இத்தனை வருடமாக இடது கையால் முக்காலியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அவருடைய இன்னொரு கேள்வி: மூன்றாம் நாள் இடது கண்ணும் வலது கண்ணும் சேரவில்லை, தலைவலி. பைனாகுலர் கெட்டுவிட்டதா? வண்டியின் பின் கதவிலிருந்து விழுந்ததாக எழுதியிருக்கிறார். முதலில் வலது கண் வளையத்தைப் பாருங்கள், பையில் உரசித் திரும்பியிருக்கும். வலக்கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். அப்படியும் இரண்டு படம் தெரிந்தால் உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கிறது, கம்பெனிக்கு அனுப்பத்தான் வேண்டும்.

13 அக்டோபர்

கறியில் புதர் வாடை அடிக்கிறதாமே என்று கேட்டவருக்கு: விரட்டி ஓடவைத்துச் சுட்டாலும், சுட்டபின் வண்டி மேல் போட்டு வெயிலில் ஊர்வலம் கொண்டுபோனாலும் எந்தக் கறியும் வாடை அடிக்கும். விழுந்த இடத்திலேயே குடல் எடுத்து, தோலுரித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஐஸில் வையுங்கள். பிராங்ஹார்னின் முடி உள்ளே காற்று நிறைந்த குழாய் மாதிரி, சூட்டை வெளியே விடாது. முதுகுக் கறியைச் சின்ன வெங்காயம், நுணுக்கிய மிளகு, கறிவேப்பிலையோடு இரும்புச் சட்டியில் நான்கு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறியை விட இதைத்தான் கேட்கிறார்கள்.

9 ஜனவரி 2025

ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்றும் முந்தாநாளும் கோடியக்கரை. வேட்டைக்கு இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி தடை, வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அப்படியே இருக்க வேண்டும். ஆனால் கேள்வி அதேதான்: வெட்டவெளி, தூரத்தில் கொம்புள்ள விலங்கு, எத்தனை பவர்?

எடை பார்த்து 8×42 மட்டும் கொண்டுவந்தேன், முக்காலி இல்லை. காலை ஆறரைக்குப் புல்வெளி ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றினேன். கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரு ஆண் வெளிமான், 400 மீட்டர் இருக்கும். கொம்பின் திருகைக் கீழிருந்து எண்ணினேன். நான்கு வரை சந்தேகமில்லை, ஐந்தாவது இருந்ததா என்று கேட்டால் பாதி திருகு என்பேன். அதற்குப் பக்கத்தில் குதிரைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. ஒன்பதரை ஆனபோது உப்பளப் பக்கம் தரை நெளிய ஆரம்பித்துவிட்டது, பூநாரைகள் எல்லாம் காலில்லாமல் மிதந்தன. ஷர்லி பேசினில் பத்து மணிக்கு நடப்பது இங்கே இன்னும் சீக்கிரம் நடக்கிறது.

இரண்டு நாளும் ஒருமுறைகூட 10 இருந்திருக்கலாமே என்று தோன்றவில்லை. ஜூன் மாதம் "10×42 வாங்குங்கள்" என்று அடித்துச் சொன்னேன். இன்று கேட்டால், முக்காலி எடுத்துப் போகிறவருக்கு 10, எடுத்துப் போகாதவருக்கு 8 என்று பிரித்துச் சொல்லியிருப்பேன்.

2 பிப்ரவரி

கழுத்து வார் பற்றி விட்டுப்போனது. கூட வரும் மெல்லிய வாரைக் கழற்றிவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டும் நெஞ்சுப் பட்டை வாங்குங்கள். 30 டாலருக்குக் கிடைக்கும். குனிந்து தவழும்போது பைனாகுலர் தரையில் இடிக்காது, கழுத்தும் வலிக்காது. மூடியுள்ள பை வகை வேண்டாம் என்பவன் நான். மூடியைத் திறக்கிற சத்தத்தில் ஒரு கிடா போய்விட்டது. ஆனால் புழுதிக் காற்றில் போகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

15×56ஐ ஒரு வாரம் இரவல் கேட்டவர், மார்ச் பத்துக்கு மேல் வாருங்கள், அதற்குள் ஊரிலிருந்து திரும்பிவிடுவேன். முக்காலித் தண்டு என்னுடையது உங்கள் முக்காலித் தலையில் பொருந்தாது, உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.